பூட்டிக் கிடந்த டிவி கேமும் பிரிக் கேமும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பொருளைத் தூக்கிப் போடும் பழக்கம் குறைவு, பூட்டி வைக்கும் பழக்கம்தான் அதிகம். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வீட்டைத் திறந்து மேல்மாடி அறையைக் கூட்டும்போது, பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி அகப்படும். உள்ளே 1990-களின் டிவி கேம், நாலைந்து கேசட், வயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக், சில வீடுகளில் ஒரு துப்பாக்கியும் இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து யாராவது கொண்டு வந்ததாக இருக்கலாம். இங்கேயே விற்ற மீடியா, லிட்டில் மாஸ்டர், சாமுராய், டெர்மினேட்டர் ரகமாகவும் இருக்கலாம். அடியில் கட்டம் அடுக்கி ஆடும் கையடக்க பிரிக் கேம் ஒன்று, அதன் முதுகில் பேட்டரிக் கட்டை கசிந்து பூத்த வெள்ளைப் பூ.

மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் 60 பின் கேசட் போடும் பெட்டி என்றால் வயிற்றுக்குள் இருப்பது ஒன்றுதான்: நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் டிவி கேமின் நகல். அதனால் பழுதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். ஐசி செத்துப்போவது குறைவு. செத்தது போலக் காட்டுவது லூஸ் கான்டாக்ட்: கேசட்டின் பின், அடாப்டர் முனை, பட்டனுக்கடியில் இருக்கும் கரி ரப்பர், கட்டையைத் தொடும் ஸ்பிரிங். ஆகவே முதலில் கரண்ட், அடுத்து தொடும் இடங்கள், கடைசியில்தான் ஐசி. இந்த வரிசையை மாற்றினால் நல்ல போர்டும் கெடும்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், வெள்ளை அழிரப்பர், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்டார் முனை ஸ்குரூ டிரைவர், 25 வாட் சால்டரிங் அயர்ன். பெட்ரோல், தின்னர் பக்கம் போக வேண்டாம். பிளாஸ்டிக் இளகிவிடும்.

சுவிட்சைப் போடுமுன்

பெட்டியில் கிடைத்த அடாப்டரை அப்படியே பிளக்கில் சொருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அதன் முதுகில் 'இன்புட்' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். சிங்கப்பூர், மலேசிய அடாப்டரில் 230 அல்லது 240 வோல்ட் இருக்கும், கால்கள் மூன்றும் செவ்வக வடிவம். ஒரு பிளக் மாற்றி வாங்கினால் போதும். தட்டையான இரட்டைக் கால் என்றால் உஷார். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட், ஜப்பானியது 100 வோல்ட். நம் 230-இல் போட்டால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். இவற்றுக்காக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது வீண் செலவு. 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் உள்ளூர் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் முனை எந்தப் பக்கம் பிளஸ் என்பது முக்கியம். ஜப்பானிய ஃபேமிகாமுக்கு (10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், 9 வோல்ட்டிலும் ஓடும்) நடு முனை மைனஸ், வெளி வளையம் பிளஸ். நகல்களில் பலவும் அப்படியே. இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். அமெரிக்க நின்டெண்டோ பெட்டிக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் வரும். அதற்குள் பிரிட்ஜ் டயோடு இருப்பதால் டிசி கொடுத்தால் எந்தப் பக்கம் பிளஸ் என்றாலும் வேலை செய்யும். நகல் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. தலைகீழாகக் கொடுத்தால் ரெகுலேட்டர் போகும், கெட்ட நேரம் என்றால் மெயின் ஐசியும் கூடவே போகும்.

பெட்டியில் பிளஸ்-மைனஸ் படம் போட்டிருக்காவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். பெட்டியைத் திறந்தால் ஒரு அலுமினியத் தகட்டில் திருகிய மூன்று கால் பாகம் தெரியும், மேலே 7805 என்றிருக்கும், அதுதான் 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர். அதன் நடுக்கால் கிரவுண்ட். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு முனையை நடுக்காலிலும் மறுமுனையை அடாப்டர் சொருகும் துளையின் தகடுகளிலும் தொடுங்கள். பீப் அடிப்பது மைனஸ். எதிலுமே அடிக்காவிட்டால் இடையில் டயோடு இருக்கிறது. அதன் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துத் தடம் பிடிக்க வேண்டும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரைத் தனியாக அளந்தால் 9 என்று போட்டிருந்தும் மீட்டர் 12, 13 காட்டும். அது பழுதல்ல. சுமை ஏறினால் இறங்கும்.

சிவப்பு விளக்கே எரியவில்லை

கேசட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கேசட்டுக்குள் ஷார்ட். எரியாவிட்டால் 7805-க்கு வாருங்கள். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடக்கால் வரவு, நடுக்கால் கிரவுண்ட், வலக்கால் செலவு. வரவில் ஏழு வோல்ட்டுக்கு மேலாவது இருக்க வேண்டும், செலவில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

வரவிலேயே ஒன்றும் இல்லை என்றால் சொருகும் துளை, சுவிட்ச் இரண்டில் ஒன்று. துளையின் மூன்று கால்களைப் போர்டின் அடிப்பக்கம் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மயிரிழை வட்டமாக ஒரு வெடிப்பு ஓடும். அடாப்டரைப் பிடுங்கிப் பிடுங்கி வருவது அது. மறுபடி சூடு வைத்து ஈயம் விட்டால் சரியாகிவிடும். சுவிட்சுக்குள் எறும்பு குடியிருந்தால் தள்ளும்போது நறநறக்கும். ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு இருபது, முப்பது தரம் முன்னும் பின்னும் தள்ளுங்கள்.

வரவு இருந்து செலவு இல்லை என்றால் கரண்டை நிறுத்திவிட்டு வலக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் பின்னால் எங்கோ ஷார்ட். நூற்றுக்கணக்கில் காட்டினால் 7805 செத்துவிட்டது. ஒரு டீ, ஒரு வடை காசில் புதியது கிடைக்கும்.

விளக்கு எரிகிறது, டிவியில் புள்ளி மட்டும் ஓடுகிறது

ஆன்டெனா துளையில் சொருகும் ரகம் என்றால் டிவியில் மேனுவல் சர்ச் போட்டு விஎச்எஃப் அலைவரிசை முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். தானாகத் தேடும் ஆட்டோ சர்ச் இந்தப் பலவீனமான சிக்னலைத் தாண்டிப் போய்விடும். எல்இடி டிவியில் செட்டிங்ஸுக்குள் அனலாக் டிவி தேடல் தனியாக இருக்கும். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

டிவிக்கும் கேமுக்கும் மாற்றும் சின்னத் தகரப் பெட்டி நடுவில் இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு கேபிளை நேரே டிவியில் கொடுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் தள்ளு சுவிட்ச் துருப்பிடித்திருக்கும். இப்போது அதற்கு வேலையும் இல்லை.

மஞ்சள், வெள்ளை ஏவி துளை இருக்கும் பெட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் எல்இடி டிவிகளில் சில இந்த சிக்னலை ஏற்காமல் 'நோ சிக்னல்' என்று மினுக்கும். டிவி கேம் பாதிப் படத்தை மட்டுமே திரும்பத் திரும்ப அனுப்புகிறது, ஒளிபரப்பு போல இரண்டு பாதிகளை மாற்றி மாற்றி அனுப்புவதில்லை. புது டிவிக்கு அது புரிவதில்லை. எளிய வழி, ஒரு பிக்சர் டியூப் டிவி. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி பல வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. பின்னால் ஏவி துளை இருந்தால் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான டிவி கிடையாது. அந்த டிவியின் முதுகை மட்டும் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

படம் கருப்பு வெள்ளை. அல்லது படம் நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் இரைச்சல்

இது பல நேரம் பழுதே இல்லை, ஊர் மாறியதால் வந்த வம்பு. நம் டிவி முறை பால் (PAL), அதில் கலருக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான், அமெரிக்க முறை என்டிஎஸ்சி, அதில் 3.58. பால் மட்டும் தெரிந்த டிவியில் என்டிஎஸ்சி பெட்டியைக் கொடுத்தால் படம் வரும், கலர் வராது. டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ' என்றோ '3.58' என்றோ மாற்றுங்கள்.

சத்தத்துக்கும் இதே கதை. படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் நம் முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, சீனாவில் 6.5, ஹாங்காங்கில் 6, ஜப்பானில் 4.5. சீனச் சந்தைக்குச் செய்த பெட்டி இங்கே படம் காட்டும், ஆனால் 'ஷ்ஷ்' என்றுதான் பேசும். சவுண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் பிஜி, ஐ, டிகே என்று இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றினால் ஒன்றில் பாட்டு கேட்கும். ஜப்பானிய ஃபேமிகாமின் ஆர்எஃப், அதாவது ஆன்டெனா துளைக்குப் போகும் சிக்னல் வேறு 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. இங்கே அது எஃப்எம் ரேடியோ ஓடும் இடம், ஆகவே படத்தின் மேல் பண்பலையும் பாடும்! அதற்கு ஏவி வயர் இழுத்துவிடுவதுதான் தீர்வு.

ஏவி கொடுத்தும் சத்தம் துளியும் இல்லை என்றால் கேசட்டைப் பாருங்கள். ஃபேமிகாமில் சத்தம் கேசட்டுக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. 45-ஆம் பின்னில் உள்ளே, 46-ஆம் பின்னில் வெளியே. சாதா கேசட்டில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டில் ஒன்றில் அழுக்கு படிந்தால் கேம் ஊமையாகும், படத்தில் ஒரு குறையும் தெரியாது. ஸ்பீக்கரையும் வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு அழிரப்பரோடு முடிந்திருக்கும்.

மரியோ பாட்டு 'சின்ன வயதில் கேட்டதைவிட வேகமாக ஓடுகிறதே' என்று தோன்றினால் அதுவும் பழுதல்ல. நம் ஊர் பால் நகல் நொடிக்கு 50 படம் காட்டியது, அசல் 60. நீங்கள் கேட்டு வளர்ந்ததுதான் மெதுவான பாட்டு.

ஒரே நிறத்தில் திரை நிற்கிறது

நீலமோ சாம்பலோ பச்சையோ, திரை முழுக்க ஒரே நிறம் வந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது, கேசட்டைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இங்கேதான் எல்லோரும் கேசட்டை எடுத்து 'ஃபூ' என்று ஊதுவோம். ஊதியதும் ஓடும், ஆனால் ஓட வைத்தது ஊதல் அல்ல. கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிப் புது இடத்தில் தொட்டதுதான் காரணம். எச்சில் ஈரம் செம்பின் மேல் உட்கார்ந்து பச்சை பூக்கும்; முப்பது வருடம் கழித்து அந்தப் பச்சையைத்தான் இப்போது துடைக்கப் போகிறோம்.

கேசட்டின் வாயில் பக்கத்துக்கு 30 வீதம் 60 பட்டைகள் இருக்கும். திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள். திருகு இல்லாத கேசட்டின் பக்கவாட்டில் மெல்லிய தகடு கொடுத்து நெம்பினால் கொக்கி விடும். வெள்ளை அழிரப்பரால் பட்டையின் நீளவாக்கில், உள்ளிருந்து வெளி விளிம்பை நோக்கி இழுங்கள். குறுக்கே தேய்த்தால் பட்டையின் ஓரம் உரிந்து எழும்பும். கருப்பு போய் மினுமினுப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். திருட்டுக் கேசட்டுகளில் பூச்சு மகா மெல்லியது, அளவுக்கு மீறித் தேய்த்தால் செம்பு தெரியும், செம்பு வெளியே வந்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பச்சை. உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். பிறகு பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். குச்சி கருப்பாகும். அடுத்த குச்சி, அதற்கடுத்த குச்சி, வெள்ளையாகவே வரும் வரை.

கேசட் மட்டும் சுத்தமானால் பாதி வேலைதான். பெட்டியின் வாய்க்குள் இருக்கும் பின்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, பத்துத் தரம் செங்குத்தாக இறக்கி ஏற்றுங்கள். அட்டையும் துணியும் சேர்ந்து கேசட் போர்டின் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பின்கள் விரிந்து அதன் பிறகு எந்தக் கேசட்டும் பிடிக்காது. ஏற்கெனவே விரிந்திருந்தால் கொக்கி ஊசியால் ஒவ்வொரு பின்னையும் உள்நோக்கி ஒரு மயிரளவு வளைக்கலாம். அறுபதுக்கும் பொறுமை வேண்டும். ஆல்கஹால் காய ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள்.

'9999 இன் 1' கேசட்டில் மெனு வந்து, நீங்கள் ஒன்றைத் தேர்ந்தால் வேறொன்று திறக்கிறதா? நினைவகத்தில் எந்த இடம் என்று சுட்டும் முகவரிக் கோடு ஒன்று தொடவில்லை. வைத்தியம் அதே அழிரப்பர்தான்.

கேம் ஓடுகிறது, ஆனால் எழுத்தும் ஆளும் சிதறிக் கிடக்கின்றன

பாட்டு ஒழுங்காக வருகிறது, ஸ்டார்ட் அழுத்தினால் ஆட்டம் தொடங்குகிறது, ஆனால் மரியோ இருக்க வேண்டிய இடத்தில் குப்பை. இதைப் பார்த்ததும் 'ஐசி போச்சு' என்று மூடி வைத்த பெட்டிகள் ஏராளம். உண்மையில் இது நல்ல செய்தி.

கேசட்டுக்குள் இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்றில் ஆட்டத்தின் விதிமுறை, அது மூளை ஐசிக்குப் போகிறது. இன்னொன்றில் படம், அது படம் வரையும் ஐசிக்குத் தனிப் பின்கள் வழியே போகிறது. ஆட்டம் ஓடுவதால் முதல் பக்கத்துப் பின்கள் எல்லாம் சரி. படப் பக்கத்தில் ஏதோ ஒன்றிரண்டுதான் தொடவில்லை.

எது தொடவில்லை என்பதைத் திரையே காட்டும். படம் முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்தின் ஒரு வரி எட்டெட்டு பிட்டாக இரண்டு தவணையில் வருகிறது, ஒவ்வொரு பிட்டும் ஒரு தரவுக் கோட்டில். ஒரு தரவுக் கோடு அறுந்தால் ஒவ்வொரு சதுரத்திலும் அதே நெடுவரிசை கெடும். அதாவது திரை முழுக்க எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக மெல்லிய செங்குத்துக் கோடுகள், வேட்டிக் கரை போல ஒரே சீராக. அப்படிக் கோடு விழுந்தால் தரவுப் பின். கோடு இல்லாமல் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்தோ பாதிச் சுவரோ வந்தால் முகவரிப் பின்.

ஒரு கேசட்டில் மட்டும் வந்தால் அந்தக் கேசட். எல்லாக் கேசட்டிலும் ஒரே மாதிரி வந்தால் பெட்டியின் வாய். வாயைச் சுத்தம் செய்தும் போகவில்லை, பின்னணிப் படம் மட்டும் குலைந்து ஓடும் ஆள் சரியாக இருக்கிறான் என்றால், பின்னணியின் அடுக்கை நினைவில் வைக்கும் 2 கிலோபைட் ராம் மேல் சந்தேகம். அசல் ஃபேமிகாமில் அது தனி ஐசி, மாற்றலாம். கருப்புப் பிசின் பொட்டுக்குள் ஐசியை மூடிய நகல் போர்டில் எல்லாம் ஒரே உருண்டைக்குள் இருந்தால் கை வைக்க வழியில்லை.

பட்டை நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் உறைகிறது

திரையில் மங்கலான பட்டை மேலேயோ கீழேயோ ஊர்ந்தால் கரண்டில் அலை. ஒரு பட்டை என்றால் 50 ஹெர்ட்ஸ், அடாப்டருக்குள் டயோடு ஒன்று போயிருக்கலாம். இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ், கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. 7805-க்கு முன்னால் நிற்கும் பெரிய கெபாசிட்டரை அதே மைக்ரோஃபாரட் எண்ணில், 25 வோல்ட் ரகத்தில் மாற்றுங்கள். தலை உப்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மேலே தட்டையாக இருந்தே காய்ந்திருக்கும். வெள்ளைக் கோடு போட்ட கால் மைனஸ்.

பத்து நிமிடம் ஓடி உறைவது சூட்டின் வேலை. கணக்கு எளிது: பெட்டி 0.3 ஆம்பியர் இழுக்கிறது, 9 வோல்ட் வந்தால் 7805 தின்னும் சூடு 1.2 வாட், 12 வந்தால் 2.1 வாட். கத்திரி வெயிலில் ஓட்டுக் கொட்டகைக்குள் வைத்து ஆடினால் அந்தத் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும். தகட்டுத் திருகை இறுக்கி, நடுவில் தெர்மல் பேஸ்ட் தடவுங்கள். சீராக 9 தரும் இந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் அடாப்டருக்கு மாறினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பெட்டியை மெத்தை மேல் வைக்க வேண்டாம். வெறும் ஆத்தங்குடிக் கல் தரையைப் போல ஒன்று வராது.

பட்டன் அழுத்தினால் கேட்கவில்லை

ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் ரப்பர், எல்லாமே செத்திருந்தால் வயர். இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் பட்டனுக்கடியில் ரப்பர் விரிப்பும், அதில் கருப்புக் கரிப் பொட்டுகளும் இருக்கும். தேன்குழல் தின்ற கையோடு ஆடிய எண்ணெய் பட்டனின் இடுக்கு வழியே இறங்கிப் பொட்டின் மேல் பளபளவென்று படிந்திருக்கும். போர்டின் கரித்தடத்தை ஆல்கஹாலில் மெதுவாகத் துடையுங்கள், அழுத்தினால் தடமே வந்துவிடும். ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும், நிழலில் உலர்த்துங்கள். பிறகு மீட்டரின் இரு முனைகளையும் ஒரே பொட்டின் மேல் வையுங்கள். சில நூறு ஓமுக்குள் இருந்தால் நல்லது. பல ஆயிரம் காட்டினால் கரி தேய்ந்துவிட்டது.

தேய்ந்த பொட்டுக்கு 6பி பென்சிலைத் தேய்ப்பது ஒரு விடுமுறைக்குத் தாங்கும். சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளை வெட்டி ஒட்டுவதும் நடக்கும், ஆனால் அலுமினியம் கருத்து மறுபடி மக்கர் பண்ணும். நிலைக்கும் வழி, செத்த டிவி ரிமோட் ஒன்றின் ரப்பரிலிருந்து கரிப் பொட்டை வெட்டி சிலிக்கான் பசையில் ஒட்டுவது. ஃபெவிக்விக் சிலிக்கான் ரப்பரைப் பிடிக்காது, இரண்டு நாளில் கழன்று ஜாய்ஸ்டிக்குக்குள் உருளும்.

வயர் என்றால் ஐந்து இழை: 5 வோல்ட், கிரவுண்ட், இரண்டு கட்டளைக் கோடு, ஒரு விடைக் கோடு. எட்டுப் பட்டனின் நிலையும் அந்த ஒற்றை விடைக் கோட்டில் வரிசையாக வருவதால் ஓர் இழை அறுந்தாலும் எட்டும் போகும். பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கை விட்டு வெளியே வரும் கழுத்தருகேதான் அறுந்திருக்கும். அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள். வெட்டுமுன் எந்த நிறம் எங்கே என்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நகல்களில் நிறத்துக்கு ஒரு நியாயமும் இருக்காது.

துப்பாக்கி வாத்தைச் சுடவில்லை

எல்இடி டிவி என்றால் சுடவே சுடாது, துப்பாக்கியைத் திறக்க வேண்டாம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் எழும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளை அதே கணத்தில் வருகிறதா என்று பார்க்கிறது. அசல் துப்பாக்கி பிக்சர் டியூபின் 15.7 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டுமே நம்பும். எல்இடியில் அந்தத் துடிப்பு இல்லை, படமும் தாமதமாக வருகிறது. பிக்சர் டியூப் டிவியிலும் சுடாவிட்டால் குழல் கண்ணாடியைத் துடையுங்கள், டிவியின் பிரைட்னஸை ஏற்றுங்கள். பல்பைக் குறிவைத்து ஏமாற்றவும் முடியாது, கருப்பு கணத்தில் வெளிச்சம் வந்தால் அது குறி தவறியதாகவே கணக்கு.

பிரிக் கேம்: உயிர் இல்லை, கட்டம் தெரியவில்லை, சத்தம் இல்லை

முதலில் கட்டை. காரைக்குடியில் பேட்டரியையும் துருவையும் ஆராயும், 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இருந்தும் கட்டையைக் கழற்றாமல் பீரோவில் வைத்துப் பூட்டும் பழக்கம் ஊரில் போகவில்லை. கசிவு எந்த ரகம் என்று பார்த்துத்தான் மருந்து. 'அல்கலைன்' என்று போட்ட கட்டையின் கசிவு காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டு வையுங்கள். சாதா கட்டையின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். நுரை அடங்கியதும் ஈரப் பஞ்சு, பிறகு ஆல்கஹால். ஸ்பிரிங்கின் மேல் மிச்சமிருக்கும் கருப்பை இங்கே உப்புத்தாளால் தாராளமாகத் தேய்க்கலாம். ஸ்பிரிங்கிலிருந்து போர்டுக்குப் போகும் வயரைச் சுண்டிப் பாருங்கள். கசிவு உறைக்குள்ளேயே ஏறி செம்பைப் பச்சைப் பொடியாக்கியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

இரண்டு பென்டார்ச் கட்டை போடும் பிரிக் கேமுக்கு 3 வோல்ட் வேண்டும். ரீசார்ஜ் கட்டை இரண்டும் சேர்ந்தால் 2.4தான், சத்தம் வரும், கட்டம் மங்கும். அதைப் பழுதென்று திறக்காதீர்கள். கட்டையை மாற்றினால் ஹை ஸ்கோர் அழிவதும் பழுதல்ல.

ஆடும் இடம் பத்துக்கு இருபது, மொத்தம் 200 கட்டம். அதில் ஒரு வரிசையோ தொகுப்போ சேர்ந்தாற்போல் மறைந்தால் திரைக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள வரி ரப்பர் நகர்ந்திருக்கிறது. பளபளப்பான சாம்பல் நிறத்தில் கருப்பு இழைகள் அடுக்கிய நீள ரப்பர் அது. ஒவ்வொரு இழையும் ஒரு வயர். திருகுகளைக் கழற்றி ரப்பரையும், கண்ணாடியின் விளிம்பையும், போர்டின் தடங்களையும் ஆல்கஹாலில் துடைத்து, ரப்பர் நேராக நிற்குமாறு வைத்துத் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மறுபக்க வரிசை மறையும். திரை ரப்பரில் அல்லாமல் ஒட்டிய பழுப்பு ரிப்பனில் நின்றால் இழுக்கக் கூடாது, உரிந்தால் திரும்ப ஒட்டாது.

திரையின் மூலையிலிருந்து கருப்பு மை பரவுவது போல இருந்தால் கண்ணாடிக்குள் வெடிப்பு, அதற்கு மருந்தில்லை. ஆனால் திரை பழுத்து, குமிழி எழும்பி, திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் கெட்டது மேலே ஒட்டிய, ஒளியை வடிகட்டும் போலரைசர் தாள் மட்டும்தான். பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்து மெதுவாக உரித்து, பசையை ஆல்கஹாலில் ஊற வைத்து எடுத்து, புதுத் தாளை வெட்டி வையுங்கள். ஒட்டுமுன் கேமை ஓடவிட்டு, தாளைக் கண்ணாடி மேல் வைத்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் கட்டங்கள் கரேலென்று எழும், அதுதான் ஒட்டும் கோணம். கால் வட்டம் தப்பினால் கருப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் வரும்.

சத்தம் இல்லையென்றால் பின்மூடியில் ஒட்டிய வட்டத் தகட்டில் இரண்டு மெல்லிய வயர் நிற்கிறதா என்று பாருங்கள். மூடியைச் சட்டென்று இழுத்தவர் கையோடு அது வந்திருக்கும்.

நின்டெண்டோவின் சின்னக் கையடக்க கேமான கேம் அண்ட் வாட்ச் ரகத்தில் பட்டன் செல் மாற்றியதும் திரை முழுக்கக் குப்பை தெரிந்தால் குண்டூசித் துளை போல இருக்கும் 'ஏசிஎல்' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள்.

கேம்பாய் திரையில் செங்குத்துக் கோடு விழுகிறது

நின்டெண்டோவின் கையடக்க கேமான கேம்பாயில், 1989-இல் வந்த பழைய தடிமன் ரகத்துக்கே உரிய வியாதி. திரையின் கீழ் விளிம்பில் இருக்கும் ரிப்பன் போர்டை விட்டு விலகுகிறது. முதுகுத் திருகுகளுக்கு மூன்று சிறகு முனை வேண்டும். முன்பகுதியைத் திறந்து ரிப்பனை மூடியிருக்கும் ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு, கேம்பாயை ஆன் செய்தபடி, மிதமான சூட்டில் அயர்ன் நுனியை ரிப்பனின் கீழ்விளிம்பில் மெல்ல நகர்த்துங்கள். மறைந்த கோடு ஒவ்வொன்றாகத் திரும்புவது கண்ணெதிரே தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ரிப்பன் சுருங்கும். கிடைக்கோடு மறைந்தால் அது பக்கவாட்டு ரிப்பன், அங்கே இந்த வித்தை அநேகமாகப் பலிக்காது.

ஆன் செய்ததும் மங்கி, தட்டினால் தெளிந்து, தானாக ரீசெட் ஆனால் பவர் சுவிட்சுக்குள் பாசி. ஆல்கஹால் விட்டுத் தள்ளுவதுதான் இதற்கும்.

சேவ் நிற்காத கேசட்டுக்குள் ஒரு வட்ட லித்தியம் செல் இருக்கும். மீட்டரில் 2.5-க்குக் கீழே வந்திருந்தால் அதே எண்ணில், தகடு ஒட்டிய ரகம் வாங்கி மாற்றுங்கள். வெறும் செல்லின் மேல் நேரடியாக அயர்ன் வைத்தால் வெடிக்கும். மாற்றும்போது பழைய சேவ் போய்விடும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எதற்கும் அசையவில்லை

7805-இல் 5 வோல்ட் சரியாக நிற்கிறது, வாய் சுத்தம், மூன்று கேசட் மாற்றியாகிவிட்டது, ஆனாலும் திரை கருப்பு. போர்டில் ஐசியை மூடிய கருப்புப் பொட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் கை பொறுக்காமல் சுட்டால் உள்ளே ஷார்ட், அந்தப் போர்டு அவ்வளவுதான். சூடே இல்லை என்றால் ஐசிக்குத் துடிப்பு தரும் கிறிஸ்டல் ஓடவில்லையோ என்று ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. வெள்ளித் தகர உறையில் பால் பெட்டிக்கு 26.601, என்டிஎஸ்சி பெட்டிக்கு 21.477 என்று அச்சடித்திருக்கும். கீழே விழுந்த பெட்டிகளில் கிறிஸ்டல் முதலில் உடையும். அதே எண்ணில் ஒன்று மாற்றிப் பாருங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் அந்தப் பெட்டியில் மிச்சமிருப்பது நல்ல 60 பின் வாய், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு 7805. கேசட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, எந்த நகலிலும் ஓடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் வேறு பெட்டி தேடினால், விலை கேட்கும் முன் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது பெரும்பாலும் கழன்ற திருகு, தொல்லையில்லை. கேசட் வாய்க்குள் டார்ச் அடித்துப் பின்களில் பச்சை இருக்கிறதா, ஏதாவது பின் மட்டும் உள்வாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். உள்வாங்கிய பின் இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.